எட்டாத பந்தும் நீட்டிய கோலும்

போட்டிகளில் ஆடும் பூல் பில்லியர்ட்ஸ் மேசையின் ஆடுகளம் 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். ஸ்னூக்கர் மேசை இன்னும் பெரியது, ஏறக்குறைய 12 அடிக்கு 6 அடி. கையில் பிடிக்கும் கோலோ வழக்கமாக 58 அங்குலம்தான். வெள்ளைப் பந்து நட்ட நடுவில் போய் நின்றுகொண்டால், உயரம் குறைந்தவருக்கும் முதுகு வளையாத வயதுக்காரருக்கும் அது எட்டாது. மேசைமேல் ஏறிப் படுக்கவும் வழியில்லை. ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பது இரண்டு ஆட்டத்துக்கும் விதி.

இது புதிதாக முளைத்த சிக்கல் அல்ல. ஸ்னூக்கரின் விதிகள் 1882-இல் நம் ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டவை என்பார்கள். பழைய கிளப்புகளில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், நீளக் கோல்களும் அவற்றைத் தாங்கும் நீள ரெஸ்ட்டுகளும் கொக்கியில் கிடக்கும். ரோனி ஓ'சல்லிவன் போன்ற ஸ்னூக்கர் சாம்பியன்கள் ரெஸ்ட்டைத் தேடாமல் கோலை இடக் கைக்கு மாற்றிக்கொண்டு அடித்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் வாய்க்கிற கை அல்ல. அதனால்தான் இப்போது பலரும் கோலின் அடிப்பக்கத்தில் ஒரு நீட்டிப்புத் துண்டைத் திருகிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கோவையில் லேத் பட்டறையிலேயே என் காலம் போயிற்று. கோலைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள், "பின்னாடி ஒரு மரை போட்டுக் குடுத்துருங்கய்யா" என்பார்கள். உடனே சக்கில் மாட்டிவிட மாட்டேன். "அடியில இருக்கிற ரப்பரை முதல்ல கழற்றுப்பா" என்பேன். பல கோல்களில் அந்த ரப்பர் மூடிக்குப் பின்னால், எடைக்காக வைத்த இரும்புத் திருகு உட்கார்ந்திருக்கும். அதற்கு ஏற்கெனவே மரை உண்டு. சில கம்பெனிகள் அந்த மரைக்கே பொருந்துகிற மாதிரி நீட்டிப்பைச் செய்து விற்கின்றன. அப்படி அமைந்தால் துளை போடவே வேண்டாம். அமையாவிட்டாலும், அடிப்பக்கத்தில் உறைபோல இறுக்கமாக நுழைகிற நீட்டிப்பு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம், கோல் பழைய கோலாகவே இருக்கும்.

துளை போட்டே தீர வேண்டும் என்றால், அது பொறுமையான வேலை. கோலின் மேனியில் தடம் பதியாதபடி உறை சுற்றி, லேத்தின் கதிர்த்தண்டுக்குள் நுழைத்துப் பிடிக்க வேண்டும். சுழலும்போது ஆட்டம் துளியும் தெரியக் கூடாது. சிறிய டிரில்லில் தொடங்கி படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி மரம் கருகும், விரிசல் விடும். மரை வெட்டிய பித்தளைக் குழலை எப்பாக்சி பூசி உள்ளே இறக்கும்போது, அடியில் சிக்கும் காற்று வெளியேற வழி விட வேண்டும். இல்லையென்றால் அது குழலை மெல்ல வெளியே தள்ளிவிடும். பிறகு ஒரு முழு நாள் அதைத் தொடக் கூடாது. துளை ஒரே ஒரு டிகிரி சாய்ந்துவிட்டால் போதும், 12 அங்குல நீட்டிப்பின் நுனி 5 மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

கை பழகியவனுக்கு இவ்வளவும் எளிதுதான். பிள்ளைகள் யோசிக்காமல் வருவது எடை விஷயத்தில்.

19 அவுன்ஸ் கோல் ஒன்றை வைத்துக்கொள்வோம். விரல்மேல் படுக்க வைத்தால் அடியிலிருந்து பதினெட்டரை அங்குலத்தில் சமமாக நிற்கிறது. அடிப்பக்கத்தில் 4 அவுன்ஸ், 12 அங்குல நீட்டிப்பு ஏறினால் அந்தச் சமநிலை நான்கு அங்குலத்துக்கு மேல் பின்னுக்கு ஓடிவிடும். பரவாயில்லை, பிடிக்கும் கையும் கூடவே பின்னுக்குப் போகிறது. ஆனால் குழலுக்கு இடம் வேண்டும் என்று உள்ளே இருந்த 2 அவுன்ஸ் திருகை எடுத்துவிட்டோம் என்றால்? நீட்டிப்பைக் கழற்றிய பிறகு, வெறும் கோலின் சமநிலை ஏறக்குறைய 2 அங்குலம் முன்னுக்கு வந்து நிற்கும். நுனி கனக்கும். அடி மாறும். ஓர் ஆட்டத்தில் நீட்டிப்பு தேவைப்படும் அடி ஒன்றோ இரண்டோ. மற்ற எல்லா அடியும் இந்த வெறும் கோலால் அடிப்பவை. எப்போதோ எட்டாத ஒரு பந்துக்காக, தினமும் எட்டுகிற பந்துகளை எல்லாம் கெடுத்துக்கொள்வதா?

கைக்குப் பழகிய கோல் என்ன பெறும் என்பதை ஸ்னூக்கர் வீரர் ஸ்டீபன் ஹென்ட்ரியின் கதை சொல்லும். சிறுவனாக இருந்தபோது கிடைத்த மலிவான கோல் அது. 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டங்களை அதை வைத்தே வென்றார். 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அதற்குப் பிறகு அவருக்கு எட்டாவது உலகப் பட்டம் கிடைக்கவில்லை. கோல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வயதும் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கோலின் எடையும் சமநிலையும் அவர் கைக்குள் ஊறிப்போயிருந்தவை. புதிதாக ஒன்றை எடுத்தால் கை எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும்.

இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே வேலையைக் குடும்பங்களில் செய்வதைப் பார்க்கிறேன், மனது வலிக்கிறது. ஊரில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் யார் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குப் பயம். நியாயமான பயம்தான், பாசத்தில் பிறந்த பயம். அதற்காக வீட்டை விற்று, அவர்களைப் பெங்களூரிலோ சென்னையிலோ எட்டாவது மாடிக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த ராத்திரி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால்காரரோடு நாலு வார்த்தை பேசி, பத்து மணிக்குக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து எழுந்த நாள் அன்றோடு முடிந்துவிடுகிறது. நல்லதைச் செய்கிறோம் என்ற நினைப்பில், அவர்களுடைய சமநிலையை எடுத்துவிடுகிறோம்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளியலறையில் கைப்பிடி வையுங்கள், வழுக்காத தரை போடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். அருகிலுள்ள டாக்டரின் நம்பரையும் 108-ஐயும் போனுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இதெல்லாம் உருவி எடுக்கக்கூடிய நீட்டிப்பு. வீட்டை விற்பதோ மரத்தில் போட்ட துளை. உடம்பு உண்மையிலேயே தளர்ந்து, தனியாக இருக்க முடியாது என்ற நிலை வரும்போது துளையும் போடத்தான் வேண்டும். அப்போதும் அளந்து, மெதுவாக, அவர்கள் சம்மதத்தோடு.

பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் முன் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். காலையிலிருந்து இரவு வரை அவர்கள் என்ன செய்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று கூட இருந்து பாருங்கள். முடிவை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.