ரிச்சி தெருவின் மாடி அறை

சென்னை அண்ணா சாலையை விட்டுச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் எதிர்ப்படும் ரிச்சி தெருவும், அதனோடு பின்னிக் கிடக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலிய சந்துகளும், கணினி என்ற பெயரையே சாமானிய ஜனங்கள் கேள்விப்பட்டிராத காலத்தில் வானொலிப் பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டிய உதிரிப் பாகங்களை விற்று வந்தவை. பின்னர் டேப் ரிக்கார்டர், தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி என்று காலம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்த யந்திரங்களையெல்லாம் தம் ஜீவனோபாயமாக ஏற்றுக்கொண்டு, இன்று டில்லியின் நேரு பிளேஸ், பம்பாயின் லாமிங்டன் ரோடு ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய மின்னணுச் சந்தையாக நிற்கின்றன. பழைய விளையாட்டுகளை ஆடுவதற்கென்று, குறைந்த விலையில், புதுப்பித்த கணினி ஒன்றை வாங்கும் நோக்கத்தோடு நான் அங்கே சென்றேன். பொருளை வாங்குமுன் அதைப் புதுப்பிக்கிற கைகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. கடைக்காரர் பெருந்தன்மையோடு அதற்கு இசைந்து, இருவர் எதிரெதிரே ஏற முடியாத குறுகலான படிக்கட்டைக் காட்டி, "மேல போய்ப் பாருங்க சார், இங்க ஒளிவுமறைவு ஒண்ணும் கெடையாது" என்றார்.

பழைய விளையாட்டுக்காகப் புதுக் கணினி வாங்குவது வீண் செலவு என்பது என் திடமான அபிப்பிராயம். 1993 டிசம்பரில் ‘டூம்’ வெளிவந்தபோது அது கேட்டதெல்லாம் 386 வகைச் சில்லும் 4 எம்பி நினைவகமுந்தான். இன்று ரிச்சி தெருவில் கைக்கு அகப்படுகிற மிகச் சாதாரணமான அலுவலகக் கணினியிலோ 8 ஜிபி ராம் இருக்கிறது, அதாவது அன்று வேண்டியதைப் போல 2,000 மடங்குக்கும் அதிகம். நம் பள்ளிக்கூடக் கணினி அறைகளில், ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்துப் பிள்ளைகள் ஆடிய ‘டேஞ்சரஸ் டேவ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ முதலியவற்றுக்கு அதில் ஒரு சிறு பங்குகூடத் தேவைப்படவில்லை. ஆயினும் ஓர் இடைஞ்சல் உண்டு. அவை 16 பிட் காலத்துப் படைப்புகளாதலால், இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக ஓட்டுவதில்லை. 2002-இல் தோன்றிய டாஸ்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருள், பழைய யந்திரத்தின் சில்லு, ஒலி அட்டை, திரை அட்டை ஆகிய அனைத்தையும் தன்னுள்ளேயே நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நடிப்புக்குக் கொஞ்சம் பலம் வேண்டும். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5 சில்லுக்கு அந்தப் பலம் தாராளமாக இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டி, புது எஸ்எஸ்டி போட்டு, நான் சென்ற சமயத்தில் 7,000 முதல் 9,000 ரூபாய்க்குள் கிடைத்தது.

இந்தப் பெட்டிகள் வங்கிகளிலிருந்தும் மென்பொருள் நிறுவனங்களிலிருந்தும் ‘லாட்’ என்று மொத்தமாக ஏலத்தில் வருகின்றன. மூன்று நான்கு ஆண்டுக் குத்தகை முடிந்ததும் யந்திரத்தின் தேக நிலை எப்படியிருப்பினும் அதை மாற்றிவிடுவது பெரிய அலுவலகங்களின் சம்பிரதாயம். அதன்மேல் விண்டோஸ் 11 வேறு 2021-இல் வந்து, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட சில்லுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முறையான அனுமதி இல்லை என்று விதித்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. ஆகவே உடம்பில் ஒரு குறையுமில்லாமல், விதியின் காரணமாக மட்டும் வேலையிழந்த யந்திரங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் போட்டு, பழைய விளையாட்டு ஆடுகிறவருக்கு அந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை.

மாடி அறையில் மூவர் இருந்தனர். வாசலை ஒட்டி, ப்ளோயரைக் கையில் பிடித்தபடி, இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் கேபினட்டுகளைத் திறந்து தூசி போக்கிக்கொண்டிருந்தார். முதற்பார்வைக்கு அறிவு வேண்டாத வேலை என்று தோன்றக்கூடிய அந்தக் காரியத்தில் அவர் எவ்வளவு கவனித்து வைத்திருக்கிறார் என்பது பேச்சுக் கொடுத்த பிறகே விளங்கிற்று. "ஏசி ஆபீஸ்ல இருந்த பொட்டின்னா தூசி பஞ்சு மாதிரி வந்துரும் சார். ஓட்டல் கேஷ் கவுண்டர்ல இருந்ததுன்னா எண்ணெய்ப் பிசுக்கு, ப்ளோயருக்கு அசையாது, பிரஷ்தான். கடலோரத்துல இருந்ததுன்னா ஸ்குரூ தலையப் பாத்தாலே தெரியும், துரு புடிச்சிருக்கும், அத அண்ணன் கிட்ட தனியா வச்சுருவேன், போர்டுக்குள்ள எவ்வளவு தின்னிருக்குன்னு அவரு பாக்கணும்" என்றார். இவ்வாறு ஒரு யந்திரம் எங்கே வாழ்ந்தது என்பதை அதன் அழுக்கிலிருந்தே அறிந்து, அதற்குத் தக்க பரிசோதனையை நிர்ணயிப்பது சாமானியமான ஞானமன்று.

அடுத்த மேஜையில் ஓர் அம்மாள், ராம் துண்டுகளின் தங்க விளிம்புகளைப் பள்ளிப் பிள்ளைகள் உபயோகிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐபிஏ என்னும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகச் சோதனைப் பெட்டியில் சொருகிக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஓடினால் நல்லதென்று அவர் ஒப்புவதில்லை. ராத்திரி முழுவதும் மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனை ஓடி, காலையில் ஒரு பிழையும் காட்டாதவை மட்டுமே விற்பனைத் தட்டுக்குப் போகும். பழைய ஹார்டு டிஸ்க்குகளையும் அவரே பார்க்கிறார். எத்தனை மணி நேரம் சுழன்றிருக்கிறது, எத்தனை துண்டுகள் கெட்டு வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன என்ற கணக்கை வட்டே தன்னுள் எழுதி வைத்திருக்கிறது. "மணி ஜாஸ்தியா இருந்தாக்கூடப் பரவால்ல சார், மாத்தின கணக்கு ஒண்ணுன்னு காட்டினாலும் நான் வுட மாட்டேன், ஏன்னா அது ஒண்ணோட நிக்காது" என்று அவர் சொன்னதில் அனுபவத்தின் கண்டிப்புத் தொனித்தது. ஒவ்வொரு போர்டிலும் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரியின் 3 வோல்ட்டை மீட்டர் வைத்துப் பார்த்து, தளர்ந்ததை மாற்றுவதும் அவர் பொறுப்பே. அது செத்துவிட்டால் மின்சாரம் நின்ற ஒவ்வொரு தடவையும் கணினி தேதியை மறந்துபோகும்.

உட்புறத்து ஜன்னலோரம் அமர்ந்திருந்த பெரியவரே, இளைஞர் ‘அண்ணன்’ என்று குறிப்பிட்டவர். வானொலி மெக்கானிக்காகத் தொழில் தொடங்கி, டிவி, டெக் எல்லாவற்றையும் கடந்து, அறுபதைத் தாண்டிய வயதில் இன்று மதர்போர்டு பழுது பார்க்கிறார். உயிரற்ற போர்டு ஒன்று அவர் முன்னே வந்தால், முதலில் கண்ணாலேயே அதை வலம் வருகிறார்: தலை வீங்கிய கப்பாஸிட்டர் உண்டா, கருகிய இடம் உண்டா, கசிந்த கறை உண்டா என்று. 1999-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள், உலகமெங்கும் ஒழுங்கற்ற ரசாயனம் நிரப்பிய கப்பாஸிட்டர்கள் வந்து பல்லாயிரம் போர்டுகளைக் கெடுத்ததை அவர் நேரில் கண்டவராதலால், அந்தக் காலத்துப் போர்டுகளை இன்றும் சந்தேகத்தோடுதான் தொடுகிறார். "வீங்கினது கெட்டது, சரி, வீங்காதது எல்லாம் நல்லதுன்னு அர்த்தம் இல்ல சார்" என்றார்.

"பிறகு எப்படி ஐயா கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கரண்டு எங்கிருந்து கெளம்புதோ அங்கிருந்து நடந்து போவணும். எஸ்எம்பிஎஸ்ல ஊதா ஒயருல 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வருதா? வந்தா அடுத்த படி. 3.3 வருதா? அதுக்கடுத்தது பிராசஸருக்குப் போற வோல்ட்டேஜ். எங்க நின்னுபோச்சோ அங்கதான் நோவு. அவசரப்பட்டு நடுவுல குதிச்சா நாள் பூரா சுத்துவீங்க."

ரேடியோவிலும் இதே முறைதானா என்று வினவியதற்கு, முறை மாறவில்லை, சூடு மட்டுமே மாறியிருக்கிறது என்றார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயம் நீக்கிய இக்காலத்துச் சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்தச் சிறு வித்தியாசத்துக்குள் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகாமலும் போர்டின் அடுக்குப் பிரியாமலும் ஹாட் ஏர் முனையை எத்தனை தூரத்தில், எத்தனை நேரம் பிடிப்பது என்பதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அரிசி அளவுகூட இல்லாத ஒரு பாகத்தை அவர் எடுத்து, அதே இடத்தில் வேறொன்றை அமர்த்திய வேளையில், அந்த முதிய விரல்களில் ஒரு நடுக்கமும் நான் காணவில்லை.

எனக்கென்று ஒதுக்கிய பெட்டியில், யுஎஸ்பியில் கொண்டு போயிருந்த விளையாட்டை ஓட்டிப் பார்த்தோம். இந்தப் பரீட்சை அவசியமானது. ஏனெனில் கடிதம் தட்டுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் உபயோகமான யந்திரத்தில் வெளிப்படாத குறைகள் விளையாட்டில் உடனே வெளிப்பட்டுவிடும். ஒலி அறுபட்டால் காது அறியும். விசையை அழுத்தியதற்கும் உருவம் குதிப்பதற்கும் இடையே தாமதம் நேர்ந்தால் விரல் அறியும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியபின் இசை விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்கிற்று. இளைஞர் வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்தார்; சில்லு 95 டிகிரியைத் தாண்டியிருந்தது. உடனே அவர் ஹீட்சிங்க்கின் மேல் விரலை வைத்து, "சில்லுன்னு இருக்கு சார்" என்றார். உள்ளே கொதிக்கிற வேளையில் மேலே குளிர்ந்திருந்தால், இரண்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பது பிரத்தியட்சம். கழற்றிப் பார்த்ததில், இடையே வெப்பத்தைக் கடத்த வேண்டிய பேஸ்ட் வறண்டு சுண்ணாம்பாகியிருந்தது. நான்கு பிடிகளில் ஒன்று சரியாக அமரவில்லை. துடைத்து, புது பேஸ்ட் இட்டு, பிடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி முடித்தபின் வெப்பம் 60-ஐ எட்டவில்லை, இசையும் அறுபடவில்லை. ஒரு விரலும் ஓர் எண்ணும் கொண்டு நோயின் காரணத்தை இவ்வளவு சீக்கிரம் நிதானித்த அந்தப் பிள்ளையை நான் மனமாரப் பாராட்டினேன்.

அங்கே ஓடிய விளையாட்டு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர், தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படமெடுத்து, அந்தப் படங்களின்மீது வரைந்தே இளவரசனின் அசைவுகளை அமைத்து, 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு அதை வெளியிட்டார். மூல நிரல் தொலைந்துவிட்டதென்றே அவர் நெடுங்காலம் எண்ணியிருக்க, 2012-இல் அவருடைய தந்தை வீட்டுப் பெட்டியொன்றில் பழைய பிளாப்பி வட்டுகளைக் கண்டெடுத்தார். காந்தப் பூச்சு மங்கிக்கொண்டிருந்த அந்த வட்டுகளைப் படிக்க ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் என்ற இருவர், பழைய ஆப்பிள் யந்திரங்களோடு வந்து உதவினர், நிரல் மீண்டது. யந்திரம் இருந்து, அதை இயக்கவும் பேணவும் தெரிந்த மனிதரும் இருந்தாலன்றிப் படைப்பு மீளாது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. ரிச்சி தெரு மாடியில் நடப்பதையும் நான் இதே வரிசையில் வைத்தே மதிக்கிறேன்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்து விளையாட்டுகள் 320-க்கு 200 புள்ளிகளில், 4-க்கு 3 என்ற விகிதத் திரைக்காக வரையப்பட்டவை; அகலமான இக்காலத் திரையில் விகிதத்தைச் சரிசெய்யாமல் விட்டால் மனிதரெல்லாம் குள்ளமாகப் பருத்துத் தெரிவர். மேலும் அந்தத் திரைமுறை விநாடிக்கு 70 தடவை புதுப்பிக்கப்பட்டது. 60 தடவை மட்டும் புதுப்பிக்கும் சாதாரண எல்சிடியில் ஓட்டம் இலேசாகத் தடுக்குகிறது. இதனால் பழைய சிஆர்டி மானிட்டரைத் தேடி வருகிறவர்கள் சிலர் இன்றும் உண்டு. அலுவலகப் பெட்டிகளில் பலவற்றில் விஜிஏ துவாரம் இருப்பதால் நேரே சொருகலாம். ஆனால் சிஆர்டியைத் திறந்து பழுது பார்க்கும் துணிவு அந்த அறையில் பெரியவர் ஒருவருக்கே உண்டு. அணைத்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்குமாதலால், அவர் இளைஞரைப் பக்கத்திலும் விடுவதில்லை.

இந்த மூவரும் மீட்கிற யந்திரங்கள், மீட்கப்படாவிட்டால் குப்பைக்கே போகும். ஐக்கிய நாடுகள் கணக்கின்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. நம் தேசத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், புதுப்பிப்போருக்கென்று தனிப் பதிவும் சான்றிதழும் வகுத்திருக்கின்றன. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பதிவு நிறுவனத்துக்கு உண்டு. அந்தப் பெரியவருக்கும், அந்த அம்மாளுக்கும், அந்தப் பிள்ளைக்கும் அதனால் நேரே வருவது ஒன்றுமில்லை. பெரியவருக்குப் போர்டு எழுந்தால்தான் கூலி. நாள் முழுவதும் தேடி எழாமற்போன போர்டுக்குக் கூலி இல்லை. சால்டர் வைக்கும்போது எழும் ஃப்ளக்ஸின் புகை மூச்சுக்குக் கெடுதி செய்வது. அதை உறிஞ்சி வெளியேற்றும் சாதனம் அங்கில்லை, ஒரு மேஜை விசிறி அதைப் பக்கத்தில் ஒதுக்குகிறது, அவ்வளவுதான். மூவரும் இருமிக்கொண்டே பேசினார்கள். இது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தந்தது. கடைக்காரரிடமும் அதை மறைக்காமல் சொன்னேன்.

கேட்ட விலையைக் குறைக்கச் சொல்லாமல் கொடுத்தேன். ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி என்று எழுதிய சீட்டில் ‘சிபியு - 1’ என்ற ஒரே வரி இருந்தது. சுத்தம், ராம் சோதனை, பேஸ்ட், போர்டு வேலை ஆகியவற்றின் கூலியைத் தனித்தனி வரியாகப் போடலாகாதா என்று கேட்டதற்கு, "எல்லாம் சேத்துதான் சார் வெல" என்றார் கடைக்காரர். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட பழைய இரும்புக்கு எடைக்கடையில் கிடைப்பது சொற்பம். நான் கொடுத்த பணத்தில், எஸ்எஸ்டி நீங்கலாக, மிகப் பெரும் பங்கு மாடியில் இருந்த மூவருடைய கவனத்தின் விலையே. அதைச் சீட்டில் எழுதினால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று வாங்குகிறவர் அறிவார். கூலியைப் பற்றிப் பேச மாடியில் உள்ளவர்களுக்கும் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். சற்று யோசித்துவிட்டு, அடுத்த லாட் வந்ததும் அப்படிப் போட்டுப் பார்ப்பதாகவும், புகை உறிஞ்சும் சாதனத்துக்கு அதே தெருவில் விலை விசாரிப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.