இருபது ரூபாய் சுவிட்ச்

சைடு லாக்கை நான் பூட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "இந்த வண்டிக்கு ஆள் இருக்கு" என்று நாணயமானவர்களுக்குச் சொல்லும் ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது சின்னதாக ஒரு பின். அதை நம்பித்தான் நம்ம காலேஜ் வாசலில் வரிசையாக வண்டி நிற்குது. அது உடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்க ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "டீ ஆறுற நேரம்கூட ஆகாது தம்பி" என்றார், ஸ்பேனரைக் கீழே வைக்காமலே.

போன செமஸ்டரில் என் ரூம்மேட்டின் வண்டி போச்சு. வாங்கி இரண்டரை வருஷம்தான். சாயந்திரம் அவன் டெலிவரி வேலைக்குப் போனதும் அதில்தான். எஃப்ஐஆர் போட்டோம், இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பார்த்தோம். 5 வருஷம் என்று தெளிவா போட்டிருக்கு. அப்புறம்தான் புரிந்தது, அந்த 5 வருஷம் தேர்டு பார்ட்டிக்கு மட்டும். 2018 செப்டம்பரில் இருந்து புது டூவீலர் வாங்கினால் அதைச் சேர்த்தேதான் கொடுக்கிறார்கள். வண்டி திருடு போனால் பணம் தருவது ஓன் டேமேஜ் பாலிசி. அவனுக்கு அது முதல் வருஷத்தோடு முடிந்திருந்தது. வண்டி இல்லை, வேலையும் இல்லை, தவணை மட்டும் மாசம் 5-ஆம் தேதி ஆனா டாண்ணு வருது. இதைப் படிக்கிறவர்கள் முதலில் உங்கள் பாலிசியைத் திறந்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர். கார்புரேட்டர் வண்டி. 9 வருஷம் மில்லுக்கு அதில் போய்ட்டு வந்தார், ஃபைனல் இயருக்கு என்னிடம் கொடுத்தார். இந்த வயசு வண்டிக்கு விலை என்று பெரிதாக ஒன்றும் வராது. ஆனா போனால் அப்பா இன்னொன்று வாங்க மாட்டார், வாங்கவும் முடியாது. அதனால்தான் இந்த ஆராய்ச்சி எல்லாம்.

முதலில் மறைவான சுவிட்ச். அதற்கு இரண்டு வழி இருக்கு, எது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பது ஒயரிங்கைப் பொறுத்தது. ஒன்று, இக்னிஷனுக்குப் போகும் 12 வோல்ட் லைனை வெட்டி நடுவில் சுவிட்ச் வைப்பது. நெட்டில் வரும் வீடியோக்களில் நான் பார்த்ததெல்லாம் இதுதான். எனக்கு இது பிடிக்கவில்லை. குழியில் இறங்கி ஏறியே அந்த ஜாயின்ட் லூஸ் ஆகும், மழையில் சுவிட்ச் துருப்பிடிக்கும். அப்படி ஒரு நாள் காண்டாக்ட் விட்டால் ஜிஎஸ்டி ரோட்டில், பின்னாடி லாரி வரும்போது, இன்ஜின் நின்றுவிடும். வண்டியைக் காப்பாற்றப் போய் நம்மைத் தொலைக்கக் கூடாது இல்லையா?

இரண்டாவது வழி பழைய ஏசி சிடிஐ வண்டிகளுக்கானது. இந்த வகையில் சாவியை ஆஃப் செய்தால் சிடிஐ-யின் கில் ஒயர் எர்த்தோடு சேர்ந்துவிடும், ஸ்பார்க் நின்றுவிடும். மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்துப் பார்த்தால் போதும். சாவி ஆஃபில் பீப் வரும், ஆனில் வராது. அந்த ஒயரில் சிடிஐ பக்கத்திலேயே இன்னொரு ஒயரைச் சேர்த்து, மறைவான சுவிட்ச் வழியாக எர்த்துக்குக் கொடுத்துவிட வேண்டும். சுவிட்ச் ஆனில் இருந்தால் சாவி போட்டு எத்தனை கிக் அடித்தாலும் வண்டி எழுந்திருக்காது. நாளைக்கே நான் சேர்த்த ஒயர் அறுந்து போனாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், பாதுகாப்பு மட்டும்தான் போகும். உரசி எர்த் ஆகாமல் இருக்க மேலே நல்ல ஸ்லீவ் போட வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுவிட்ச் 20 ரூபாய், ஒயரும் ஸ்லீவும் சேர்த்து 40 ரூபாய் ஆச்சு. சால்டரிங் நம்ம லேப். எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் கேட்காதீங்க.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதில் ஒயரை வெட்டினால் வாரண்டிக்குப் பிரச்சனை வரும், கை வைக்காதீர்கள். ராத்திரி மெயின் ஃப்யூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் போதும். செலவு பூஜ்யம். பழைய கிக்கர் வண்டியில் இந்த வித்தை எடுபடாது, அதில் பேட்டரியே இல்லாமல்கூட ஸ்பார்க் வரலாம்.

அடுத்தது, நம்ம டிபார்ட்மென்ட்டில் வருஷா வருஷம் தப்பாமல் வரும் மினி ப்ராஜெக்ட்: அர்டுயினோ, நியோ-6எம் ஜிபிஎஸ், சிம்800எல். வண்டி நகர்ந்தால் மெசேஜ் வரும். டெமோவில் கைதட்டல் வாங்கும். வண்டியில் மாட்டினால் கதை வேறு. எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போதே சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். என் வண்டி பேட்டரி 3 ஆம்பியர்-அவர். 30 மணி நேரத்தில் காலி. சனிக்கிழமை ஊருக்குப் போனால் திங்கட்கிழமை ஹார்ன்கூட அடிக்காது. அதுவும் சிம்800எல் வெறும் 2ஜி, ஜியோ சிம்மில் வேலையே செய்யாது. ஸ்லீப் மோடில் போட்டு, தனி பேட்டரி கொடுத்து யாராவது ஒழுங்கா செய்தால் நானே வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் இது மார்க்குக்கான ப்ராஜெக்ட்தான்.

இத்தனை எலக்ட்ரானிக்ஸ் பேசினாலும், ரெண்டு பேர் வண்டியைத் தூக்கிக் குட்டி யானையில் போட்டால் சுவிட்ச் என்ன செய்யும்? அதற்குச் செயின்தான் வேண்டும். சைக்கிளுக்கு விற்கும் மெல்லிய கேபிள் லாக் வேஸ்ட். கெட்டியான இரும்புச் செயினை வீலில் மட்டும் சுற்றாமல், ஃப்ரேமோடு சேர்த்துத் தூணிலோ ஜன்னல் கிரில்லிலோ கட்டணும். தரையில் கிடக்கவும் விடாதீர்கள். கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி மொத்த உடம்பு எடையையும் போட்டு அழுத்த வசதியாகிவிடும். எங்கள் மேன்ஷனில் தூணும் இல்லை, கிரில்லும் இல்லை. அதனால் நாலு வண்டியையும் ஒரே செயினில் கோத்து நம்பர் லாக் போட்டிருக்கோம். நாலு வண்டியைச் சேர்த்துத் தூக்குறவனுக்கு நாங்களே சல்யூட் அடிச்சிடுவோம். ஒரே கஷ்டம், காலை 8 மணி கிளாஸுக்குப் போகிறவன் மற்ற மூணு பேரையும் எழுப்பி நம்பர் கேட்பான்.

ஒரிஜினல் ஆர்சியை டேங்க் கவரிலோ சைடு பாக்ஸிலோ வைக்கும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கு. திருடியவனுக்கு விற்கும் வேலையை ஈஸியாக்கித் தருகிறோம். டிஜிலாக்கரில் இருந்தால் போலீஸிடம் காட்ட அது போதும். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி எங்கே இருக்கு என்று இன்றைக்கே தேடுங்கள், கிளைமுக்குப் போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ரூம்மேட்டுக்கு எஃப்ஐஆர் எழுதும்போது சேஸிஸ் நம்பருக்காக ஷோரூமுக்கு போன் மேல் போன் போட்டு ஒரு மதியமே போச்சு.

சுவிட்ச் வைத்த விஷயத்தை அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஒயர எல்லாம் ஏன்டா அறுத்த?" என்றுதான் முதலில் கேட்டார். அறுக்கவில்லை, சேர்த்துத்தான் இருக்கிறேன் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் கூட இருக்கானே அந்தப் பையன், அவன் அடுத்து வண்டி வாங்கினா அவனுக்கும் ஒண்ணு வச்சுக் குடு" என்றார். அவன் தவணை முடிய இன்னும் ஏழு மாசம் இருக்கு. சுவிட்ச் மட்டும் இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.