முதலாளியோடு குற்றாலம்!

வெள்ளிக்கிழமை மத்தியானம். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே பக்கத்து சீட்காரர் கொளுத்திப் போட்டார். "குற்றாலத்துல சாரல் பிச்சு உதறுதாம் சார்!"

அவ்வளவுதான். அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வருஷா வருஷம் போன ஊர். ஒரு துண்டு, ஒரு லுங்கி, நாலு சிநேகிதர்கள். மதுரையில் ரயிலேறினால் அடுத்த வேலை அருவியில் தலையைக் கொடுப்பதுதான். அந்த நினைப்பிலேயே வீட்டுக்குப் போய், "நாளைக்குக் காலையில குற்றாலம் போறோம். ஞாயிறு ராத்திரி திரும்பிடலாம். மூவாயிரத்துக்கு மேல ஒத்தை ரூபாய் கிடையாது" என்று அறிவித்தேன்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்தவரைப் பார்த்தாள். "இவர் சம்மதிக்கணுமே?"

இவர் என்றது எங்கள் முதலாளியை. வயது ஒன்றே முக்கால். சம்பளம் என்று பைசா கொடுப்பதில்லை. ஆனால் வீட்டில் யார் எப்போது தூங்கலாம், எப்போது சாப்பிடலாம் என்பதெல்லாம் அவர் உத்தரவுதான்.

ராத்திரி மூட்டை கட்டினோம். எனக்கு அதே ஒரு துண்டு. முதலாளிக்கு பதினாலு சட்டை, ஸ்வெட்டர், குல்லா, டயாபர் ஒரு கட்டு, சத்துமாவு, கஞ்சி காய்ச்ச கெட்டில், மருந்து டப்பா, காது பிய்ந்த ரப்பர் யானை. 'யானை எதுக்கு?' என்று கேட்க வாயெடுத்தேன். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டை போகிற ரயில் இருக்கிறதே, ஏழை குடும்பஸ்தனுக்கு ரயில்வே கொடுத்த சீதனம் அது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது. எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டும் ஓட்டலில் நாலு பேர் டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகவில்லை. விருதுநகர், சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. ராஜபாளையம் வந்தால் வலதுபக்க ஜன்னல் முழுக்க மலை. வலதுபக்க சீட்டுக்கு முந்திக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டேன். பாம்புக்கோவில் சந்தை என்று ஒரு ஸ்டேஷன். பெயரைப் படித்துக் காட்டி, "உஸ்ஸ்" என்றேன். முதலாளி கெக்கலி கொட்டிச் சிரித்தார். கடையநல்லூர் வரை நான் பாம்பாகவே வர வேண்டியதாயிற்று.

தென்காசியில் இறங்கினால்... ஆகா! மேலே வெயில், கன்னத்தில் சாரல். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்க்கும்போது, மற்ற இடங்களில் சுவர் மாதிரி நிற்கிற மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறது. அந்தக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் நம் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. ஜூனிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை இந்த இலவச ஏ.ஸி. ஓடும்.

இங்கேதான் முதல் பட்ஜெட் ரகசியம். சீசன் சனி, ஞாயிறில் குற்றாலத்தில் ரூம் வாடகை கேட்டால், அருவிக்குப் போகாமலே ஜில்லென்று ஆகிவிடும். தென்காசியில் தங்குங்கள். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. குழந்தைக்கும் இல்லை. ஆகக் குடும்பத்துக்கே ஒரே டிக்கெட். அந்த தண்டச் செலவு நான்தான்.

ரூமுக்குள் நுழைந்ததும் நான் துண்டைத் தோளில் போட்டேன். முதலாளி படுக்கையில் குப்புற விழுந்து தூங்கிவிட்டார். பதினொன்றிலிருந்து மூன்று வரை! நான் துண்டோடு ஜன்னலில் நின்று மலையைப் பார்த்தேன். "எழுப்பிடாதீங்க. எழுப்பினா ராத்திரி நீங்கதான் தூக்கிட்டு நடக்கணும்" என்று தீர்ப்பு வந்தது. இது இரண்டாவது ரகசியம். குழந்தையோடு போனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம் என்று திட்டம் போடுங்கள். மூன்று இடம் போட்டால் மூன்றாவது இடத்தில் குழந்தை அழும். நாலாவது இடத்தில் நீங்கள் அழுவீர்கள்.

நாலு மணிக்கு பேரருவி. தூரத்திலேயே சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்க, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனால்... தடுப்புக் கட்டை. போலீஸ்காரர் நிற்கிறார். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் ஆவேசமாக விழுகிறது.

"ஆர்ச்சுக்கு மேல வருது சார். குளிக்கக் கூடாது. பாத்துட்டுப் போங்க."

"அஞ்சே நிமிஷம் சார். ஓரமா நின்னு ஒரு முக்கு. நான் வருஷா வருஷம் வர்ற ஆளு" என்றேன், ஏதோ அருவி என் ஒன்றுவிட்ட சித்தப்பா என்பது போல.

அவர் என் தோளில் இருந்த முதலாளியைப் பார்த்தார். "இங்க வெயில் அடிக்கும். மேல மலையில எங்க மழை பெய்யுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தண்ணி சொல்லிட்டா சார் வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது இப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். பேப்பரில் படித்து "ச்சே" என்றதோடு பக்கத்தைத் திருப்பியவன் நான். இப்போது என் தோளில் ஒரு சின்னக் கை என் காதைப் பிடித்துக்கொண்டு அருவியைப் பார்த்து "தண்ணி... தண்ணி..." என்றது. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கி விட்டேன்.

பேரருவி சுமார் 200 அடி உயரம். நேராகத் தலையில் விழுந்தால் தாங்குமா? நடுவே பாறையில் 'பொங்குமாகடல்' என்று ஒரு பெரிய பள்ளம். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் காலங்காலமாக நம் மண்டைகள் தப்பிக்கின்றன. வெள்ளம் வந்துவிட்டால் அந்தத் தணிப்பெல்லாம் எடுபடாது. போலீஸ்காரர் விசிலுக்கு மரியாதை கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

குளியல் இல்லையென்றால் என்ன? சங்கு வடிவத்தில் கட்டிய குற்றாலநாதர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி சித்திர சபை. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். சுவரெல்லாம் சித்திரம். நான் வருஷா வருஷம் வந்த ஆளாயிற்றே, எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறேன் தெரியுமா? இதுதான் முதல் தடவை.

வெளியே வந்து முதலாளி கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தோம். அடுத்த நொடி அது ஒரு குரங்கின் கையில் இருந்தது. இங்கே குழந்தை கையில் தின்பண்டம் கொடுப்பதும், குரங்குக்கு இலை போட்டுப் பரிமாறுவதும் ஒன்று. முதலாளி அழவில்லை. குரங்கைப் பார்த்து, "டாட்டா" என்றார்.

இருட்டுகிற நேரம் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. 1924-ல் ராஜகோபுரம் எரிந்துபோய், பல தலைமுறைக்கு மொட்டையாகவே நின்றது. ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடிக்கு, மறுபடி எழுந்து கும்பாபிஷேகம் கண்டது 1990-ல். அந்தக் கோபுர வாசலில் போய் நில்லுங்கள். காற்று ஆளைத் தள்ளும்! முதலாளியைக் கீழே இறக்கி விட்டேன். காற்று தள்ள, அவர் பின்னால் உட்கார, எழுந்து மறுபடி காற்றோடு மோத... ஒரு மணி நேரம் நடந்தது இந்த விளையாட்டு. செலவு: பூஜ்யம்.

அந்தப் பாண்டியன் ஒரு காரியம் செய்திருக்கிறான். இந்தக் கோயில் பிற்காலத்தில் பழுதுபட்டால், அதைச் சரிசெய்யப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தில் கல்வெட்டில் பாட்டு எழுதி வைத்திருக்கிறான். பிறக்காத பிள்ளைகளின் காலில் ராஜா! நானோ பிறந்து ஒன்றே முக்கால் வருஷமான பிள்ளைக்காக ஒரு குளியல் போயிற்றே என்று சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி, பிரானூர் பார்டர் புரோட்டா. அதென்ன பார்டர் என்கிறீர்களா? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை போய்விட்டது, பெயர் மட்டும் புரோட்டாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டுக்கோழி காரம் எங்களுக்கு. கெட்டில் கஞ்சி முதலாளிக்கு.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே முதலாளி எழுந்து உத்தரவு போட்டுவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். கூட்டம் வருவதற்குள் ஐந்தருவிக்குப் போய்விட்டோம். தண்ணீர் அளவாக விழுந்தது. தடை இல்லை. நான் சட்டையைக் கழற்றப் போனேன்.

ஐந்தருவியில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அதாவது யாராவது ஒருத்தர் குழந்தையோடு கரையில் நின்றாக வேண்டும். கல்யாணமான புதுசில் வந்தபோது கரையில் பையும் செருப்பும் காவல் காத்தது யார் என்று யோசித்தேன். அவள்தான். 'நீங்க போயிட்டு வாங்க' என்று அவள் சொன்னதும், நான் ஒன்றரை மணி நேரம் ஊறிவிட்டு வந்ததும், அதற்குள் கூட்டம் சேர்ந்து அவள் குளிக்காமலே திரும்பியதும் ஞாபகம் வந்தது. இந்த ஒன்றே முக்கால் வருஷமாக வீட்டிலும் அவள் தலைக்குக் குளிப்பது, பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, "இதோ வந்துட்டேன்டா" என்று பாதி சோப்பில் கத்திக்கொண்டுதான்.

"நீ முதல்ல போ" என்றேன்.

"இவன் அழுவானே..."

"நான் இல்லையா?"

நம்பாமல்தான் போனாள். நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தண்ணீருக்குள் மறைந்துவிட்டாள்.

நான், முதலாளி, யானை. முதல் ஐந்து நிமிஷம் "ம்மா" என்று பிலாக்கணம். பாம்பு ஆனேன். பலிக்கவில்லை. பாதையோரம் ஒரு சின்ன ஓடை, கணுக்காலுக்கும் கீழே, சலசலவென்று ஓடியது. யானையை அதில் விட்டேன். மிதந்தது. முதலாளி அழுகையை நிறுத்தினார். யானை போக, நான் பிடிக்க, மறுபடி மேலே கொண்டுவந்து விட... அவர் வந்தது இந்த அருவிக்குத்தான் என்று தெரிந்தது. காது பிய்ந்த யானை எதற்கு என்றும் தெரிந்தது.

அரை மணி கழித்து அவள் வந்தாள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட, உதடு நீலம் பாரித்து, நடுங்கிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"இந்தாங்க, பிள்ளைய குடுங்க. உங்க முறை. போங்க, போங்க!"

துண்டை எடுத்துக்கொண்டு பத்தடி போயிருப்பேன். விசில்! தண்ணீர் கூடுகிறதாம். எல்லாரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்வாதம் செய்யவில்லை. சல்யூட் அடிக்காத குறையாகத் திரும்பினேன்.

சாயங்கால ரயிலில் கணக்குப் போட்டேன். ரயில், ரூம், பஸ், புரோட்டா, பால்கோவா, நேந்திரம் சிப்ஸ் எல்லாம் சேர்த்து 2,870 ரூபாய். துண்டு மட்டும் கொண்டுபோன மாதிரியே மடிப்புக் கலையாமல் வந்தது.

திங்கட்கிழமை பக்கத்து சீட்காரர் கேட்டார். "என்ன சார், அருவியில ஆசை தீரக் குளிச்சீங்களா?"

"குளிச்சோம் சார்" என்றேன். "என் மனைவி குளிச்சா."