ஆறு மாத்திரை பாக்கி!

எங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்றாவது மாடிக்கு நான்தான் டாக்டர். படித்தது பி.காம். ஆனால் என் ஷேவிங் டப்பாவில் தலைவலி, வயிற்றுவலி, ஜுரம் எல்லாவற்றுக்கும் மிச்சம் மீதி மாத்திரை இருக்கும். எதையும் தூக்கிப்போட மனசு வராத குடும்பம் எங்களுடையது.

அதில் சிப்ரோஃப்ளாக்சசின் ஆறு. மெஸ் சாம்பார் ஒருமுறை என் வயிற்றைப் பதம் பார்த்தபோது டாக்டர் பத்து எழுதித் தந்தார். நாலாவதிலேயே சரியாகிவிட்டது. மீதியை சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தேன்.

2022 ஜூலையில் பக்கத்துக் கட்டில் அறந்தாங்கிப் பையனுக்கு ஜுரம். "அண்ணே, ஏதாச்சும் மாத்திரை இருக்கா?" என்றான். என்னிடம் போய் இப்படி ஒரு கேள்வி! காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஆறையும் தாராளமாக சாங்ஷன் செய்தேன். ஜுரம் இறங்குகிற மாதிரி பாவ்லா காட்டிவிட்டு மறுபடி ஏறியது. ஏழாம் நாள் பையன் பாத்ரூம் வாசலில் சுருண்டு விழுந்தான். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டியூட்டி டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். "முன்னாடியே ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா?" என்றார். நான் ஃபேனைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

"ரத்தத்தை வெச்சு கிருமியை வளர்த்துப் பார்த்தாதான் எந்த மருந்துக்கு சாகும்னு தெரியும். அரைகுறையா மருந்து உள்ளே போயிருந்தா பல சமயம் டெஸ்ட்ல வளராது சார். உடம்புல மட்டும் நல்லா வளரும்!"

நல்ல வேளை, வளர்ந்தது. டைபாய்டு. ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு எதிரே 'மசியாது' என்று போட்டிருந்தது.

"என் ஆறு மாத்திரையாலதான் கிருமி இப்படி ஆயிடுச்சா டாக்டர்?"

"அவ்வளவு பெரிய ஆளா நீங்க?" என்று சிரித்தார். "சாப்பாட்டுலயோ தண்ணியிலயோ உள்ளே வரும்போதே அது அப்படித்தான் வந்திருக்கும். உங்களை மாதிரி ஆளுங்க எத்தனையோ வருஷமா டிரெயினிங் குடுத்து அனுப்பினது!"

விஷயம் இதுதான். கிருமி கோடிக்கணக்கில் பெருகும்போது எங்காவது ஒன்றில் எழுத்துப்பிழை விழும். சிப்ரோ வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில் அந்தப் பிழை விழுந்தால் பிடி வழுக்கிவிடும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று, அந்த ஒன்றுக்கு முழு மேன்ஷனையும் காலி செய்து கொடுக்கும். வாடகை, அட்வான்ஸ் எதுவும் கிடையாது. இன்னொரு வழியும் உண்டு. தப்பிக்கிற வித்தை எழுதிய துண்டுச் சீட்டை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும், பரீட்சை ஹாலில் பிட் போகிற மாதிரி.

1948-ல் குளோராம்ஃபெனிகால் வந்தபோது டைபாய்டு பயமே போய்விட்டது என்றார்களாம். 1972-ல் மெக்ஸிகோவிலும் நம் கேரளாவிலும் அதற்கு மசியாத டைபாய்டு பரவியது. பிறகு சிப்ரோ வந்தது, அதற்கும் பழகிக்கொண்டது. அடுத்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அதையும் சமாளிக்கிற ரகம் கிளம்பிவிட்டது. ஈகோலை என்ற வேறொரு குடல் கிருமியிடம் பிட் வாங்கியதாம்!

இதில் வேடிக்கை, குளோராம்ஃபெனிகாலை ரொம்ப வருஷம் ஒதுக்கி வைத்ததில், இப்போது இங்கே பல டைபாய்டு கிருமிகள் மறுபடி அதற்கு அடங்குகின்றன. ரிடையரான ஹெட்கிளார்க்கைத் திரும்பக் கூப்பிடுகிற கதை.

கோழி, மாடு மேல் பழி போடலாமா என்று பார்த்தேன். முடியாது. டைபாய்டு கிருமிக்கு மனுஷனைத் தவிர வேறு வீடே இல்லை. பையனுக்குள் வந்தது யாரோ ஒருத்தர் குடலிலிருந்து வந்ததுதான். அவரும் தன் பங்குக்கு எத்தனை மாத்திரையை டப்பாவில் பாக்கி வைத்தாரோ!

செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஆரம்பித்து ஐந்தாம் நாள்தான் ஜுரம் விட்டது. அதுவரை அவன் அம்மா கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொத நாளே நீங்க மாத்திரை குடுத்தீங்களாமே தம்பி... நீங்க மட்டும் இல்லைன்னா எம் புள்ள என்னாயிருப்பானோ!"

ஊரிலிருந்து வரவழைத்த முறுக்கு டப்பா ஒன்றையும் கொடுத்தார். பக்கத்தில் நின்றிருந்த டாக்டர் வாயே திறக்கவில்லை. நானும்தான். டப்பாவை வாங்கிக்கொண்டேன்.