தகடூரிலிருந்து தேவனஹள்ளி வரை



தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆயினும் விமானம் புறப்படும் நாளை எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்கள் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் உண்டு. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் திரும்புகிறான். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகத் தாய் கடல் கடக்கிறாள். உம்ராச் செல்வோர் உறவினரிடம் விடைபெறுகின்றனர். இவர்களிற் பெரும்பாலோர் விமானம் ஏறுமிடம் அயல் மாநிலத்தில், ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பெருநாள், பொங்கல், தீபாவளி விடுமுறைகளை ஒட்டிப் புறப்படவிருப்போர், அந்தச் சாலையையும் அதன் முடிவில் காத்திருக்கும் சோதனை வாயிலையும் ஒருமுறை மனத்தால் கடந்து பார்த்துவிடுவது நன்று. தாங்களும் உடன் வாருங்கள்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். மைசூர்ப் பீடபூமிக்கும் தமிழகச் சமவெளிக்கும் இடைப்பட்ட படிக்கட்டுப் போன்றது இந்நிலம். ஆகவே படைகளும் வணிகரும் ஓயாது ஏறி இறங்கிய வழி இது. பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இப்பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. இன்று நம் மக்கள் விமானம் ஏறச் செல்லும் தேவனஹள்ளி, அந்தத் திப்பு பிறந்த ஊரேயாகும். விமான நிலையத்திலிருந்து சிறிது தொலைவிலேயே பழைய கோட்டையைக் காணலாம். வழியனுப்ப வருவோரில் எத்தனை பேர் அதை எட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு செய்தி!

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தருமபுரி. அப்போது ஓசூர் எல்லையும் நம் மாவட்டத்தினுள்ளேயே இருந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபின், ஓசூர் எல்லையை அடைய இன்னொரு மாவட்டத்தைக் கடந்தாக வேண்டும். பெங்களூர் விமான நிலையமும் அதுபோலவே நம்மை விட்டு விலகிச் சென்றது. 2008 மே மாதம் வரை அது நகரினுள்ளே இருந்தது. பின்னர் நகரின் வடகோடிக்கும் அப்பால் தேவனஹள்ளிக்கு மாறியது. தெற்கிலிருந்து செல்லும் நாம் பெருநகர் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டியவர்களானோம்.

வழியைப் பார்ப்போம். தருமபுரியிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரியை அடைகிறது. மாம்பழக் காலமாயின் சாலையோரமெங்கும் மணம் கமழும். பெட்டி பெட்டியாக வாங்கத் தோன்றும். பின்னர் சுங்கச்சாவடி, சூளகிரி, ஓசூர். அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு சந்திப்பு, ஹெப்பாள் மேம்பாலம் என்று நகரை ஊடுருவித் தேவனஹள்ளி சேர, இடையூறற்ற நாளில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் போதும். இடையூறற்ற நாள் என்பது விடுமுறைக் காலத்தில் அரிது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய மாலையில் பெங்களூரில் பணிபுரியும் தமிழர் அனைவரும் தெற்கு நோக்கிப் பாய்கின்றனர். வடக்கு நோக்கிச் செல்லும் நமக்கு அன்று எதிர்ச்சாரிதான் நெரிசல். ஆனால் விடுமுறை முடியும் ஞாயிறு மாலையில் அந்த வெள்ளமெல்லாம் வடக்கே திரும்புகிறது. வளைகுடாவுக்குத் திரும்பும் மகனின் பயணமும் பெரும்பாலும் அதே மாலையில்தான் அமைகிறது! பயணச்சீட்டு வாங்கும்போதே நாள்காட்டியைப் பார்த்து, விடுமுறை முடியும் நாளைத் தவிர்ப்பவர் பாதிக் கவலையைத் தவிர்த்தவராவார். அது இயலாதெனில் அன்று நண்பகலுக்கு முன்பே ஓசூரைக் கடந்துவிட வேண்டும்.

நகரினுள் நுழையாமலும் செல்லலாம். அத்திப்பள்ளியிலிருந்து சர்ஜாபுரம், ஹொசகோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குச் சாலை உண்டு. சில இடங்களில் குறுகலானது. எனினும் சில்க் போர்டில் சிக்கி நிற்பதினும் மேல். பேருந்தில் செல்வோர் எலக்ட்ரானிக் சிட்டி முதலிய இடங்களிலிருந்து வாயு வஜ்ரா என்னும் விமான நிலையப் பேருந்தைப் பிடிக்கலாம். பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகச் செல்லும் இரயிலை நம்பி வெளிநாட்டு விமானத்துக்கு நேரம் குறிப்பதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இரயில் மலையழகைக் காண்பதற்கு மிக நல்லது.

நெரிசலைக் கணித்துவிடலாம்; எல்லை மூடப்படுவதைக் கணிப்பது கடினம். ஒகேனக்கல்லில் நம் மாவட்டத்தைத் தழுவி நுழையும் காவிரியே சில ஆண்டுகளில் நம் பயணத்துக்குத் தடையாகவும் அமைந்தது. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் மூண்ட கலவரத்தில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. பல நாட்கள் பேருந்துகள் எல்லையோடு நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஜுஜுவாடிக்கும் இடையே மக்கள் பெட்டி படுக்கைகளைத் தலையில் சுமந்து நடந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று கர்நாடகம் முழுவதும் நடந்த கடையடைப்பின்போது, பெங்களூர் விமான நிலையத்திலேயே நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இரத்தாயின. ஆகவே காவிரி நீர்ப் பங்கீடு சூடேறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் புறப்படுவோர், ஒரு வாரம் முன்பிருந்தே செய்திகளைக் கவனித்து வர வேண்டும். தேவையெனில் முந்தைய நாளே எல்லையைக் கடந்து உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிட வேண்டும்.

திருச்சி வழியாகவோ சேலம் வழியாகவோ செல்வோருக்குக் காவிரிச் சிக்கல் இல்லை. தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் பயணியர் சேவை மீண்டும் தொடங்கியபோது தருமபுரி மக்கள் மகிழ்ந்தது இயல்பே. ஆனால் அங்கே செல்லத் தொப்பூர் இறக்கத்தில் இறங்கியாக வேண்டும். 2020 டிசம்பர் 12 அன்று அவ்விறக்கத்தில் லாரி ஒன்று முன்னே நின்ற வாகனங்களின் மீது மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. அங்கே ஒரு விபத்து நேர்ந்தால் சாலை மணிக்கணக்கில் அடைபடும். நேரமாகிவிட்டதே என்று ஓட்டுநரை விரட்டுவதற்கு உலகிலேயே மிகப் பொருத்தமற்ற இடம் தொப்பூர்.

இனிச் சோதனை வாயிலுக்கு வருவோம். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்வோர் 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகள் நிலையத்திலேயே வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. மறு ஆண்டு கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலின் மீது வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னரே, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. சோதனை தேவையே. அது எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதில்தான் வழக்கு.

2010ஆம் ஆண்டில் அமெரிக்க விமான நிலையங்களில் ஆடைக்குள் ஊடுருவி உடலைப் படமாக்கும் கருவிகள் பரவின. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில், அவற்றின் பொதுவான பயன்பாடு வெட்க உணர்வைப் பேணும் இஸ்லாமிய நெறிக்கு மாறானது என்றும், தேவையெனில் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் கையால் சோதிப்பதை ஏற்கலாம் என்றும் அறிவித்தது. மான்செஸ்டரில் இக்கருவியை மறுத்த இரு பெண்கள் விமானம் ஏற இயலாது போயிற்று. அவர்களுள் ஒருவர் முஸ்லிம். அந்த நவம்பர் 24 அன்று, அமெரிக்கர் பெருந்திரளாக ஊர் செல்லும் விடுமுறைக்கு முந்தைய நாளில், கருவியை மறுத்துக் கைச்சோதனை கேளுங்கள் என்று எதிர்ப்பாளர்கள் அறைகூவல் விடுத்தனர். வரிசைகள் ஸ்தம்பிக்கும் என்று அஞ்சப்பட்டது. அப்படி ஏதும் நிகழவில்லை. வீடு சேரத் துடிப்பவர் யாரும் வரிசையில் போராட விரும்பவில்லை. ஆனால் நீதிமன்றத்திலும் சட்ட மன்றத்திலும் தொடர்ந்த முயற்சி பலித்தது. அப்பட்டமான உருவத்தைக் காட்டிய எக்ஸ்ரே கருவிகள் 2013இல் அந்நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், சோதனையிலிருந்து விதிப்படி விலக்குப் பெற்றவர். 2009 ஏப்ரலில் டெல்லியில் கான்டினென்டல் விமான நிறுவன ஊழியர்கள் அவரை உடற்சோதனைக்கு உட்படுத்தினர். அவர் முறையிடவே இல்லை. ஜூலையில் செய்தி வெளியாகி நாடாளுமன்றம் கொந்தளித்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமான இருக்கையில் அமர்ந்துவிட்ட அவரது மேற்சட்டையும் காலணியும் சோதனைக்காக வாங்கிச் செல்லப்பட்டன. அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 அக்டோபரில் நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் தம் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வதன் வேதனையை வெளியிட்டபோது பாதுகாப்புப் படை மன்னிப்புக் கோரியது. செயற்கை உறுப்பைக் கழற்றுமாறு கேட்கக் கூடாது என்று அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

கலாமுக்காக நாடாளுமன்றம் பேசியது. பென்னாகரத்திலிருந்து முதன்முறையாக விமானம் ஏற வரும் ஒரு மூதாட்டிக்காகப் பேச யார் இருக்கிறார்? விதி இருக்கிறது. பெண்களைப் பெண் காவலரே, திரையிட்ட அறையில் சோதிக்க வேண்டும். தலைத்துணியை விலக்கிக் காட்டச் சொன்னால், அத்திரைக்குள் பெண் காவலர் முன்னிலையில் மட்டுமே செய்வேன் என்று பணிவோடு கேட்கலாம். முழங்காலில் உலோகம் பொருத்தியவர் மருத்துவச் சான்றை முதலிலேயே காட்டலாம். ஆனால் இவற்றைக் கேட்க நேரம் வேண்டும். வாயில் மூடும் வேளையில் மூச்சிரைக்க ஓடி வந்தவர் தமக்குரியதைக் கேட்க மாட்டார். எங்கே எப்படிச் சொன்னாலும் நிற்பார். அந்த ஒரு காரணத்துக்காகவேனும் முன்னதாகச் சென்று சேருங்கள்.

பெட்டி கட்டுவதிலும் கவனம் தேவை. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் செல்லாது. நெய்யும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்குரியவை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் வெப்பமேறும் கொப்பரையைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. இவையெல்லாம் போனால் போகட்டும். கசகசாவை மட்டும் மறந்தும் வைத்துவிடாதீர்கள். நம் குருமாவில் சேரும் அப்பொருள் சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் வரிசையில் சேர்ந்தது. அதனால் சிறை சென்றவர் உண்டு. அடுத்த வீட்டார் அன்போடு கொடுத்தனுப்பும் மசாலாப் பொட்டலத்தையும் அவர் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். அவர் மனம் கோணினால் கோணட்டும்.

விமானமே தாமதமானால்? 2022 டிசம்பரில் டெல்லியில் சோதனை வரிசைகள் நீண்டபோது, உள்நாட்டுப் பயணிகளையே மூன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னது இண்டிகோ நிறுவனம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணிநேர விதி மாற்றத்தை ஒட்டி அதே நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை இரத்துச் செய்து நாட்டையே திணறடித்தது. உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமெனில், மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. பெங்களூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டியவர் இரண்டையும் ஒரே பயணச்சீட்டாக எடுப்பது நன்று. தனித்தனியாக எடுத்தால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது.

பயணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் முடிக்கிறேன். அதிகாலை 4 மணிக்கு விமானம் என்று கொள்வோம். பயணச்சீட்டு முகப்பு பொதுவாக 3 மணிக்கு மூடப்படும். நள்ளிரவு 12 மணிக்கு உள்ளே நுழைந்துவிடுவது பாதுகாப்பு. வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாம் முனையத்திலிருந்து செல்வதால் வண்டியை அங்கேயே விடச் சொல்லுங்கள். சாதாரண நாளில் மாலை 7 மணிக்குத் தருமபுரியிலிருந்து புறப்படலாம். விடுமுறை முடியும் ஞாயிறாயின் காலையிலேயே கிளம்பி, பகலுணவைக் கிருஷ்ணகிரியிலோ சூளகிரியிலோ முடித்துக்கொண்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே தேவனஹள்ளி சேருங்கள். மிஞ்சும் பொழுதில் குழந்தைகளுக்குத் திப்புவின் கோட்டையைக் காட்டலாம்.