படகுக்கு நம்பர் பிளேட்!

பைக்குக்கு நம்பர் பிளேட் தெரியும். படகுக்கு? லித்துவேனியாவுல இருக்கிற நீடாவுக்குப் போனா பார்க்கலாம் பாஸ்!

ஒரு பக்கம் பால்டிக் கடல், இன்னொரு பக்கம் காயல். நடுவுல 98 கிலோமீட்டர் நீளத்துக்கு நாடா மாதிரி ஒரு மணல் திட்டு. வடக்குப் பாதி லித்துவேனியாவுக்கு, தெற்குப் பாதி ரஷ்யாவுக்கு. எல்லைக்குப் பக்கத்துலதான் நீடா.

ஒரு காலத்துல இங்கே வில்லனே மணல்தான். காட்டை வெட்டி மொட்டையடிச்சதுல மணல்மேடுகள் நகர ஆரம்பிச்சு, ஊர் ஊரா விழுங்கிடுச்சு. நீடாக்காரங்களும் மூட்டை கட்டிக்கிட்டு இடம் மாறினவங்கதான். 19-ஆம் நூற்றாண்டுல பைன் மரம் நட்டு நட்டுத்தான் மணலை நிறுத்தினாங்க. பிழைப்பு? மீன். அது போதாம காக்கா! இலையுதிர் காலத்துல கூட்டமா வர்ற காக்காவை வலை வச்சுப் பிடிச்சு, உப்புல ஊறப்போட்டு குளிர்காலத்துக்கு வச்சுக்குவாங்க. (முகம் சுளிக்காதீங்க... பசி அப்படி!)

நம்பர் பிளேட் கதை 1844-ல வருது. யாரு எங்கே திருட்டுத்தனமா வலை போடுறாங்கனு இன்ஸ்பெக்டர் தூரத்துல இருந்தே கண்டுபிடிக்கணுமே! அதனால, பாய்மர உச்சியில ஊர் அடையாளம் கட்டாயம்னு உத்தரவு. இந்தத் திட்டு ஊர்களுக்கு கறுப்பு - வெள்ளை. நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? அதைச் சுத்தி வீடு, சர்ச், மரம்னு செதுக்கி, சட்டத்தையே கலையாக்கிட்டாங்க.

அந்த அழகைப் பார்த்து ஓவியர்கள் வந்தாங்க. பின்னாடியே, 1929-ல நோபல் வாங்கின எழுத்தாளர் தாமஸ் மன். மாமியார் மேடுன்னு பேர் வச்ச குன்று மேல (நிஜமாத்தான்!) 1930-ல வீடு கட்டினார். மூணே மூணு கோடைக்காலம்தான். 1933-ல ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டே போயிட்டார். வீடு நாஜி தலைவர் கோயரிங் கைக்குப் போச்சு. இப்போ அது மியூசியம்.

மன் மட்டுமா போனார்? இரண்டாம் உலகப்போர் முடியுற நேரத்துல, சோவியத் படை நெருங்க நெருங்க, ஊர் சனமே கிளம்பிடுச்சு. மிஞ்சின கொஞ்சம் பேர்ல பலரும் அப்புறம் மேற்கு ஜெர்மனிக்குப் போயிட்டாங்க. அவங்க பேசின குரோனிய மொழி கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு.

இன்னிக்கு க்ளைபேடாவுல ஃபெர்ரி ஏறி, பைன் காட்டுக்குள்ள 50 கிலோமீட்டர் பஸ்ல போனா, நீலமும் பழுப்புமா குட்டிக் குட்டி வீடுகள், புகை போட்ட மீன் வாசனை, சைக்கிள்ல சுத்துற டூரிஸ்ட்டுகள். ஊரை விழுங்க வந்த மணலை இப்போ மிதிக்கக்கூட கூடாது. நம்ம கால் பட்டா மேடு சரியுதாம். போட்டிருக்கிற பாதையில மட்டும்தான் நடக்கணும். கறுப்பு - வெள்ளை நம்பர் பிளேட்? கடையில குட்டி சைஸ்ல விக்குது.

வாங்கிட்டு, அப்படியே பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போங்க. தவளை, பறவை உருவத்துல செதுக்கின மரப்பலகைகள் நிக்கும். தலைமாட்டுல இல்லை, கால்மாட்டுல. இறுதி நாள்ல எழுந்திருக்கும்போது பிடிச்சுக்க வசதியா இருக்கட்டும்னு நட்டு வச்சதாம்.