படகுக்குள் ஒரு காயல்

"இதோ பாருங்கள், உங்கள் செருப்பு நீந்துகிறது!" என்றாள் என் மனைவி.

காயலின் அழகில் மூழ்கியிருந்த நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அழகில் மூழ்குவது வேறு, தண்ணீரில் மூழ்குவது வேறு அல்லவா? படகின் முன்பக்கத்தில், தளப் பலகைக்கு மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. அதில் என் ரப்பர் செருப்பு, வள்ளம்களிப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததுபோல் ஒய்யாரமாக நகர்ந்துகொண்டிருந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் நடந்த விவாதத்தில், வழக்கம்போல் எங்கள் ஏழு வயதுப் பெண்ணே ஜெயித்தாள். "படகு உள்ள ஊர்" என்பது அவள் தீர்ப்பு. ஆகவே ஆலப்புழை! 1952-ஆம் ஆண்டில் நேருஜி வந்து, பாம்பைப்போல் நீண்ட வள்ளங்கள் பாய்வதைப் பார்த்து மகிழ்ந்து வெள்ளிக் கோப்பை அளித்த ஊர். புன்னமடைக் காயலைத் தாண்டினால் வேம்பநாட்டுக் காயல் விரிகிறது. சுமார் 96 கிலோமீட்டர் நீளம்; நம் நாட்டிலேயே நீளமான ஏரி இதுதான் என்கிறார்கள்.

சொகுசுப் படகுகளின் வாடகையைக் கேட்டதும் என் கை தானாகவே சட்டைப் பையை மூடிக்கொண்டது. அதனால், வயதான ஒரு மர மோட்டார் படகை அமர்த்தினோம். படகுக்குத் தகுந்த வயதில் படகோட்டி. அவருக்கு உதவியாக மருமகன் பையன் ஒருவன். "அம்மாவா, அம்மாவா" என்று மாமனை அவன் அழைக்க, சிறிது நேரத்தில் நாங்களும் அவரை அம்மாவன் என்றே அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

செருப்பு நீந்திய செய்தி கேட்டதும் பையன் பின்பக்கம் ஓடினான். தண்ணீரை வெளியேற்றும் மின்சாரப் பம்ப் அங்கே, எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை மேலே எழும்பும். பம்ப் தானாக ஓடும். பலகையைத் தூக்கிப் பார்த்த பையன், "இங்கே வெள்ளமே இல்லை, அம்மாவா!" என்று உற்சாகமாகக் கத்தினான்.

"முன்னாலே குளம், பின்னாலே வறட்சி. அதுதானே கவலை!" என்றாள் என் மனைவி.

அம்மாவன் அவளை ஒருமுறை மரியாதையுடன் பார்த்தார். மறு பேச்சின்றி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். "பயப்பட வேண்டா, சேச்சி. குட்டியோடு நடுவிலே இருங்கள். யாரும் எழுந்து நிற்க வேண்டா" என்றார். மிதவைச் சட்டையின் வார்களை இறுக்கிக் கொண்டோம். படகை அவர் கரைப்பக்கம் திருப்பியபோதுதான் காரணம் புரிந்தது. படகு சற்றுச் சாய்ந்ததும், உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் சாய்ந்த பக்கமே ஓடியது. சாய்வு இன்னும் அதிகமாயிற்று! பெண் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படகைக் கவிழ்ப்பது தண்ணீரின் கனம் மட்டுமல்ல, அதன் ஓட்டமுந்தான்.

கரைத் தென்னையில் கயிற்றைக் கட்டியபின் அம்மாவன் சோதனையைத் தொடங்கினார். முதலில் கையைத் தண்ணீரில் விட்டார். சூடாக இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய் எங்கோ விரிந்திருக்கிறது என்று அர்த்தமாம். சில்லென்றுதான் இருந்தது. எண்ணெய்ப் படலமும் இல்லை. அடுத்து, விசிறித் தண்டு படகை விட்டு வெளியே போகும் துவாரத்தைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. "இந்தச் சொட்டு வேண்டும். தண்டு சுற்றும்போது சூடாகாமல் காப்பது இதுதான். சொட்டு தாரையானால்தான் ஆபத்து" என்றார்.

அப்படியானால் தண்ணீர் வந்த வழி? முன்பக்கத்துக் கித்தான் கிழிந்திருந்தது. முதல் நாள் இரவு பெய்த பெருமழை அவ்வளவும் அதன் வழியாக இறங்கியிருக்கிறது!

மழைநீர் வந்தது சரி, பின்னால் ஏன் போகவில்லை? மரப் படகின் அடியில், மனிதனுக்கு விலா எலும்பு போல, குறுக்கே சட்டங்கள் உண்டு. வங்கு என்பார்கள். ஒவ்வொரு வங்கின் அடியிலும் ஒரு சிறு துளை. முன்னால் விழும் தண்ணீர் அவற்றின் வழியே பம்ப் இருக்கும் பள்ளத்துக்கு வரவேண்டும். அம்மாவன் பலகையைத் தூக்கி, ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். கயிற்று நார், பெயிண்ட் செதில், கடலைத் தோல், மிட்டாய்க் காகிதம் எல்லாம் ஓர் உருண்டையாக வெளியே வந்தன. 'களக்' என்று தண்ணீர் பின்னால் ஓடியது. பம்ப் 'விர்'ரென்று பாடத் தொடங்கியது.

பாட்டு மட்டுந்தான்! வெளியே சொட்டுக்கூட விழவில்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மாவன் பம்பின் அடியில் கையை விட்டார். ஓடிவந்த குப்பை சல்லடையை அடைத்திருந்தது. அதை வழித்தெறிந்த பிறகு, படகின் பக்கத்துத் துவாரத்திலிருந்து தாரையாகக் கொட்டியது. பையன் வாளியாலும் இறைத்தான். இருபது வாளி என்று பெண் எண்ணினாள். வாளிக்குப் பதினைந்து கிலோ என்றாலும் முந்நூறு கிலோ. நாலைந்து பெரிய மனிதர்கள் டிக்கெட் இல்லாமல் எங்களோடு பயணம் செய்திருக்கிறார்கள்!

"பம்ப் வருவதற்கு முன் தினம் காலையில் பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். பம்ப் வந்தது, அந்தப் பழக்கம் போயிற்று. குட்டி இருந்த படகு..." என்று அம்மாவன் பாதியில் நிறுத்திக்கொண்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். நாளைக்கு இந்தப் படகு அவனுடையதுதானே?

பையன் இறைத்து முடிக்கும் வரை கரைமேல் ஏறி நின்றோம். என்ன அதிசயம்! ஒரு பக்கம் காயல் ததும்புகிறது. மறுபக்கம், ஆள் உயரத்துக்குக் கீழே, பச்சைப் பசேலென்று நெற்பயிர். குட்டநாட்டு வயல்களில் சில கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் தாழ்வாகவே இருக்கின்றன. 2013-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் இந்த முறையைப் பாரம்பரிய விவசாயம் என்று கௌரவித்தது. ஒரு காலத்தில் ஆட்கள் சக்கரத்தை மிதித்து வயல் தண்ணீரை வெளியே தள்ளினார்கள். இன்று மோட்டார் தள்ளுகிறது. ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் மோட்டாருக்குத் தண்ணீர் வராது. வரப்பு உடைந்தால் எந்த மோட்டாரும் போதாது. 2018-ஆம் வருஷத்து வெள்ளத்தில் இந்த ஊர்க்காரர்கள் வீடு வாசலை விட்டுப் படகேறி ஓட நேர்ந்ததை மறக்க முடியுமா?

"இந்த ஊரே ஒரு பழைய படகுதான்!" என்றாள் என் மனைவி.

ஆலப்புழைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. படகில் ஏறுமுன் முன்பக்கத்துப் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல படகோட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். குழந்தைகளின் மிட்டாய்க் காகிதத்தை உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உருண்டையிலிருந்த காகிதம் எங்கள் பெண் தின்ற மிட்டாயுடையது அல்ல என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள்.